கொழுக்கட்டைப் புல்: இங்கே தீவனம், அங்கே தீ

கொழுக்கட்டைப் புல் ஒருமுறை வேர் ஊன்றினால் பல ஆண்டுகள் சாகாமல் நிற்கும் தூர்ப்புல். முழங்கால் உயரத்தில் தொடங்கி, மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இடுப்புக்கு மேலும் வளரும். அன்னூர், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று நீளும் கொங்கு மேட்டு நிலத்தில், கிணற்று நீர் எட்டாத செம்மண் காடுகளின் வரப்புகளிலும் வேலியோரங்களிலும் இதைக் காணலாம். (கொங்கு வழக்கில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் அல்ல, மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம்.) ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதன் கதிர்கள் ஊதாவும் வைக்கோல் நிறமும் கலந்து காற்றில் ஆடும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல காலத்தின் அடையாளம்.

இதே புல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் அரசாணை போட்டு அடையாளம் காட்டப்பட்ட களை. அங்கே இதன் பெயர் பஃபெல் புல். தன்னார்வலர்கள் கடப்பாரையோடு மலையேறி இதைத் தூரோடு பிடுங்குகிறார்கள். ஒரே செடி ஓரிடத்தில் மேய்ச்சல் நிலத்தின் உயிராகவும் இன்னோரிடத்தில் பாலைவனத்தையே எரிக்கும் பகையாகவும் ஆனது எப்படி என்பதற்கு விடை, பாதி அதன் உடலமைப்பில் இருக்கிறது. மீதி, அதைச் சுற்றி இருப்பவற்றில்.

ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள், அரேபியா, ஈரான், பாகிஸ்தான், இந்தியா ஆகியவை இதன் பிறந்த மண். வடக்கே இதை அஞ்சன் புல் என்பார்கள். 1771இல் லின்னேயஸ் இதற்கு வைத்த அறிவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். பின்பாதி, கண்ணிமை மயிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கதிரில் உள்ள ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய மயிர்கள் கூடுபோல நிற்பதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். கொங்குக்காரருக்கு இன்னும் எளிதான அடையாளம் ஒன்று உண்டு. விரல் நீளக் கதிரைக் கையில் எடுத்தால் அது சிறுத்துப்போன கம்பங்கதிர் போலவே இருக்கும். உறவும் அப்படித்தான். கம்பு வேறு பேரினம் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2010இல் வகைப்பாட்டாளர்கள் அந்தப் பேரினத்தைக் கொழுக்கட்டைப் புல்லின் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். மானாவாரிக் காட்டில் விளையும் கம்பும் அதன் வரப்பில் நிற்கும் புல்லும் பங்காளிகள்.

இந்தப் புல்லின் பலம் மண்ணுக்குள் தொடங்குகிறது. வேர் இரண்டு மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடியது. மேல்மண் காய்ந்து வெடித்த பிறகும் கீழே மிச்சமிருக்கும் ஈரத்தை அது எட்டிப் பிடிக்கும். தண்டின் அடிப்பகுதி சற்றே பருத்திருக்கும். அங்கேதான் மாவுச்சத்தைச் சேமிக்கிறது. கோடையில் மேலே உள்ளதெல்லாம் வெளுத்துக் காய்ந்து, செடி செத்துவிட்டதுபோலத் தோன்றும். ஒரு நல்ல மழை விழுந்தால் போதும். சில நாட்களில் அந்தச் சேமிப்பிலிருந்து பச்சைத் துளிர் கிளம்பிவிடும். ஆடு கடித்தாலும் அரிவாள் அறுத்தாலும் நெருப்பு பொசுக்கினாலும் மண்மட்டத்துக்கு அருகிலிருக்கும் இந்த அடித்தூர் தப்பிவிடுகிறது. இந்தப் புல்லின் கதையில் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பண்பை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பலம், வெயிலைச் செலவிடும் முறை. நெல் போன்ற பயிர்களில், காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி கடும் வெப்பத்தில் தடுமாறும். கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உழைப்பை வீணாக்கும். சோளம், கம்பு, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றைப் போலக் கொழுக்கட்டைப் புல்லும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கரியமில வாயுவை முதலில் இலையின் வெளிச் செல்களில் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உட்செல்களுக்குள் அழுத்தி அனுப்புகிறது. அங்கே அந்த வாயு செறிந்திருப்பதால் நொதிக்குத் தடுமாற்றம் இல்லை. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்கவும் தேவையில்லை; நீர் ஆவியாவது குறைகிறது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில், மற்றச் செடிகள் வாடி நிற்கையில், இது வளர்ந்துகொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். குளிரும் நீர் தேங்கிய நிலமும்தான் இதற்கு ஆகாதவை.

மூன்றாவது, இனப்பெருக்கம். கொழுக்கட்டைப் புல்லின் பெரும்பாலான செடிகள் கருவுறாமலேயே விதை கட்டும். விதையிலிருந்து முளைப்பது தாயின் அச்சு அசல் நகல். தந்தை வழிக் கலப்பு இல்லாததால், ஓரிடத்தில் நன்றாகப் பிழைத்த செடி அதே குணத்தோடு ஆயிரம் ஆயிரமாகப் பெருகலாம். தன்னந்தனியாக வந்திறங்கிய ஒரு செடியே ஒரு மலைச்சரிவை நிரப்பத் தொடங்கலாம். பயிர்ப் பெருக்க ஆய்வாளர்களுக்கோ இது பெரிய தலைவலியாக இருந்தது. கலக்காத செடியில் புது ரகம் உண்டாக்குவது எங்ஙனம்? டெக்சாஸில் பஷா என்ற ஆய்வாளர், ஆண் பெண் கலப்பால் விதை கட்டும் அரிய செடி ஒன்றை அடையாளம் கண்டு 1962இல் எழுதிய பிறகே இதில் ஒட்டுரகம் உருவாக்க வழி திறந்தது.

விதைகள் மிக இலேசானவை. மயிர்க்கூடு காற்றில் மிதக்கும், நீரில் மிதக்கும், ஆட்டு மயிரிலும் துணியிலும் ஒட்டும், வண்டிச் சக்கரத்தோடும் போகும். இன்று உலகின் பல நாடுகளில் இந்தப் புல்லின் முதல் தடம் சாலை ஓரமாகவே இருக்கிறது.

கொங்கு நாட்டில் இந்தப் புல் ஒரு முழு வாழ்முறையின் அடித்தளம். கொறங்காடு என்று அழைக்கப்படும் மேய்ச்சல் நிலங்கள் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் பரந்திருக்கின்றன. ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கும் பகுதி. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டி ஓய்ந்துவிடும். இந்த மழையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் கால்நடையைக் காப்பாற்றக் கண்ட ஏற்பாடே கொறங்காடு.

அதன் அமைப்பு மூன்று அடுக்கு. தரையில் கொழுக்கட்டைப் புல்லும் அதனூடே நரிப்பயறு போன்ற கொடிகளும். மேலே, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். இவை வெயிலுக்கு நிழல், கோடையில் உதிரும் நெற்றுகள் செம்மறிகளுக்குத் தீனி. சுற்றிலும் முள்கிளுவை நட்ட உயிர்வேலி. சில ஏக்கர் அளவுள்ள இந்த வேலியடைத்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டால் பின்னாலேயே ஓர் ஆள் நிற்க வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் குறைந்ததும் கால்நடைகள் அடுத்த காட்டுக்கு மாறும். மழைக்குப் பின் புல் தழைத்துக் கதிர்விட்டு விதை சிந்தும்வரை நிலத்துக்கு ஓய்வு கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பதும் உண்டு. இறுகிப்போன மண் இளகும். பழைய தூர்கள் கழிந்து புதுப்புல் எழும். பொது நிலமாக விடாமல் ஒவ்வொரு குடும்பமும் தன் காட்டைத் தானே காத்துவந்ததால், அளவுக்கு மீறி மேய்த்து அழிப்பதும் குறைவு. இந்தியாவின் மேய்ச்சல் நிலங்கள் பலவும் சீரழிந்த கதையை அறிந்தவர்களுக்கு இது சிறிய சாதனை அல்ல என்பது தெரியும்.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த இனம். அந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு பரவலாக அறியப்பட்டது. மாட்டின் எலும்புறுதிக்கு அந்த மண்ணின் சுண்ணாம்புச் சத்தும் கொறங்காட்டுப் புல்லும்தான் காரணம் என்பது உள்ளூர் நம்பிக்கை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு கூடுதலாக இருக்கிறது. அது உடலில் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதனால் பெரிய கேடில்லை. அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். அந்த வசதி இல்லாத குதிரை இந்தப் புல்லையே தொடர்ந்து தின்றால் முக எலும்பு வீங்கிப் பலமிழக்கும். ஆஸ்திரேலியக் குதிரைப் பண்ணைகளில் இது நன்கு தெரிந்த நோய்.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தப் புல் போன விதம் விசித்திரமானது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் உட்பகுதிக்குச் சரக்கு கொண்டு செல்ல ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுபவர்களும் கப்பலில் வரவழைக்கப்பட்டார்கள். ஆப்கானியர் என்று மொத்தமாக அழைக்கப்பட்டாலும், அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஒட்டகச் சேணத்துக்குள் மெத்தையாகத் திணித்த காய்ந்த புல்லோடு விதையும் சேர்ந்து 1870களில் கரையேறியது. சேணம் கிழிந்த இடமெல்லாம் புல் முளைத்தது.

அது தற்செயல். பிறகு நடந்தது திட்டமிட்ட செயல். 20ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து தேர்ந்த ரகங்களை வரவழைத்துப் பண்ணைகளில் விதைத்தார்கள். கென்யா, தான்சானியா வழி வந்த வகைகள் குவீன்ஸ்லாந்தில் புகழ்பெற்றன. 1960களின் வறட்சியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரைப் புழுதிப்புயல் வாட்டியபோது, புழுதியை அடக்கவும் இதைத்தான் விதைத்தார்கள். புழுதி அடங்கியது என்பது உண்மை. அமெரிக்காவிலும் இதே கதைதான். மண் அரிப்பைத் தடுக்க வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும் என்று 1930, 40களில் அரசு மண்வளப் பணியாளர்களே இதைக் கொண்டுவந்து சோதித்தார்கள். கென்யாவின் துர்க்கானா பகுதி விதையிலிருந்து வந்த ரகம் டெக்சாஸில் பரவியது. எல்லை தாண்டி மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பாலைப் புதர்களை அழித்துப் பெரும் பரப்பில் விதைத்தார்கள். செடியைத் திருட்டுத்தனமாக யாரும் நுழைக்கவில்லை. நல்ல நோக்கத்தோடு, அரசுச் செலவில், பாராட்டுகளோடு அது நுழைந்தது. களைகளின் வரலாற்றில் இப்படி வந்தவையே அதிகம்.

சொனோரப் பாலைவனத்தில் செடிகளுக்கு இடையே வெற்றுத் தரை இருக்கும். ஒரு புதரில் மின்னல் விழுந்து தீப்பிடித்தாலும் அடுத்த புதருக்குத் தாவ முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்குள்ள கள்ளிகளும் மரங்களும் நெருப்பைப் பெரிதாகப் பழகவே இல்லை. சகுவாரோ என்ற தூண்கள்ளி முதல் பத்தாண்டில் விரல்கணு அளவே வளரும். முதல் கிளை விட ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். நூற்றைம்பது ஆண்டு வாழும். இத்தகைய நிதானமான உலகத்துக்குள் கொழுக்கட்டைப் புல் புகுந்து, அந்த வெற்றுத் தரையை நிரப்பியது. கோடையில் அது சாய்ந்து மக்கிப்போகாமல் நின்றபடியே காய்கிறது. அப்படியே ஒரு மலைச்சரிவு முழுக்க இடைவெளி இல்லாத சருகு விரிப்பாகிவிடுகிறது. ஒரு சிகரெட் துண்டோ வாகனத் தீப்பொறியோ போதும்.

எரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. கள்ளி சாகிறது, அதன் இடத்தில் இன்னொன்று நிமிர ஒரு மனித ஆயுள் வேண்டும். புல்லோ, மண்மட்டத்தில் தப்பிய அடித்தூரிலிருந்து அடுத்த மழைக்கே துளிர்க்கிறது. செத்த செடிகள் விட்ட இடத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. அடுத்த தீக்கு முன்னைவிடக் கூடுதல் எரிபொருள் தயார். புல் தீயை வளர்க்க, தீ புல்லை வளர்க்கும் இந்தச் சுழற்சியை கார்லா டி அன்டோனியோ, பீட்டர் விடூசெக் ஆகிய சூழலியலாளர்கள் 1992இல் விரிவாக எழுதினார்கள். அந்நியப் புற்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும் என்றாலும், பஃபெல் புல் அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. நடு ஆஸ்திரேலியாவிலும் ஆற்றோரப் பெருமரங்கள் இப்படித்தான் அடிபடுகின்றன. அங்குள்ள பழங்குடி மக்கள் உணவுக்கு நம்பியிருந்த சிறு செடிகளும் கிழங்குகளும் புல்லடியில் மறைந்துபோவதாக அம்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள்.

ஒழிப்பது எளிதல்ல. கையால் பிடுங்கினால் அடித்தூர் முழுதாக வர வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதென்றால் புல் பச்சையாக இருக்கும் சில வாரங்களுக்குள் தெளிக்க வேண்டும். காய்ந்த புல் மருந்தை உள்ளே இழுக்காது. பிடுங்கிய இடத்தில் மண்ணிலுள்ள விதை சில ஆண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். புல்லைத் தின்னும் பூச்சியையோ நோயையோ அதன் தாயகத்திலிருந்து கொண்டுவரலாமே என்றால், மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு அது இன்றும் தங்கப்புல். அரிசோனா 2005இல் இதைத் தீங்குக் களையாக அறிவித்தது. தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் அறிவித்தது. மாட்டுப் பண்ணைகள் மிகுந்த வடக்குப் பிரதேசம் அந்த முடிவுக்கு வர 2024 ஆயிற்று.

அப்படியானால் காங்கேயத்திலும் அன்னூரிலும் இது ஏன் காட்டுத்தீயாக மாறவில்லை? முதல் காரணம் வாய்கள். பட்டி பட்டியாகச் செம்மறியும் வெள்ளாடும் மாடும் மேயும் நிலத்தில் புல் நின்று காய்ந்து சேர்வதற்கு வாய்ப்பில்லை; எரிய வேண்டியது வயிற்றுக்குள் போய்ப் பாலாகவும் சாணமாகவும் வெளிவருகிறது. இரண்டாவது, கூட்டாளிகள். இந்த மண்ணின் மற்றப் புற்களும் செடிகளும் மேய்ச்சலையும் வறட்சியையும் இதனோடு சேர்ந்தே பழகியவை. இதற்கு மட்டும் தனிச்சலுகை இல்லை. தாயகத்தில் இதைத் தின்னும் பூச்சிகளும் தாக்கும் பூஞ்சைகளும் கூடவே இருக்கின்றன. மூன்றாவது, நிலம் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடப்பது. வேலி, இட்டேரி (இரு வேலிகளுக்கு நடுவே செல்லும் வழி), உழவுக் காடு, தோட்டம் என்று மாறி மாறி வரும் நிலத்தில் தீ நெடுந்தூரம் ஓட முடியாது. ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் மாடு உண்டே என்று கேட்கலாம். உண்டுதான்; ஆனால் அங்கே பரப்பு பெரிது, வாய்கள் குறைவு. மாடு நுழையாத பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் புல் கேட்பாரற்று நிற்கிறது.

கொங்கு நாட்டுக்கும் அந்நியப் புல் வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து 1793இல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கினியாப் புல் ஆளுயரத்துக்கு மேல் வளரும். நிழலைப் பொறுக்கும் என்பதால் தென்னந்தோப்புக்கு உகந்த தீவனம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் ரகங்களே வெளியிட்டிருக்கிறது. இலங்கையில் அதே புல் கட்டுக்கடங்காமல் பரவிய அந்நியச் செடிகளுள் ஒன்று. ஆனால் உடவளவைப் பூங்காவின் யானைகளுக்கு அது முக்கிய உணவு. யானை தின்பதால் அதைக் களை என்று சொல்லவும் முடியாமல், சும்மா விடவும் முடியாமல் தடுமாறுகிறார்கள். இன்னொரு பக்கம், கம்பையும் ஆப்பிரிக்க யானைப்புல்லையும் கலந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை இந்தியாவில் முதன்முதலாக உருவாக்கியது கோயம்புத்தூர்தான், ஆண்டு 1953. தண்ணீர் உள்ள தோட்டங்களில் இன்று பால்மாட்டுக்கு அறுத்துப் போடுவது பெரும்பாலும் அந்த வழி வந்த ரகங்கள்.

கொறங்காட்டுக்கு உண்மையான நெருக்கடி புல்லிலிருந்து வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலம், கவனிப்பாரற்ற காடுகளில் நுழைந்து வெள்வேலத்தின் இடத்தையும் புல்லின் இடத்தையும் பிடிக்கிறது. அதன் நெற்றைத் தின்னும் ஆடுகளே விதையைப் புழுக்கையோடு எங்கும் போடுகின்றன. மழை விட்ட வெற்றுத் தரையில் பார்த்தீனியம் முந்திக்கொள்கிறது. மாடு குறைந்து, மேய்க்க ஆள் குறைந்து, காடு மனையாக விற்பனைக்கு வரும் இடத்தில் புல்லைப் பற்றி யாருக்குக் கவலை? அன்னூர்ப் பக்கம் தண்ணீரும் கணக்கை மாற்றுகிறது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரைக் கொண்டு 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். நிலத்தடி நீர் ஏறினால் மேட்டுக்காடு தோட்டமாகும். தோட்டத்தில் வாழையும் மக்காச்சோளமும் நிற்கும். அங்கே கொழுக்கட்டைப் புல் வரப்பில் களை வெட்டியால் செதுக்கப்படும் சாதாரணக் களைதான்.

விட்டுப்போன காட்டில் இதை மறுபடி ஏற்றுவது கடினமில்லை. ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும் என்பது வேளாண் பரிந்துரை. விதைப்புக்கு ஏற்றது மழைக்கு முந்திய காலம். விதை பஞ்சு போல இலேசாக இருப்பதால் ஈர மண்ணோடு பிசைந்து தூவினால் காற்றில் பறக்காமல் சமமாக விழும். ஆழமாக மூடினால் முளை மேலே வராது. கதிர் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றிய மணி உடனே உதிரத் தொடங்கும். அதனால் சேகரிப்பவர்கள் காட்டுக்குள் பலமுறை நடந்து, கதிரை விரலிடுக்கில் பிடித்து உருவ வேண்டும். நன்றாக முற்றியது மட்டும் கையோடு வரும். அந்த விதையை அதே மழைக்கு விதைத்தால் ஏமாற்றம்தான். புது விதை உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை மூட்டையில் கிடந்த பழைய விதையே நன்றாக முளைக்கும்.